கேமரா கையில் எடுத்தவர்களின் கேள்விகளும் பதில்களும்

கே: கைப்பேசியில் எடுத்துப் பழகி ஆர்வம் கூடிவிட்டது. கேமரா வாங்கலாமா சார்?

ப: கொஞ்சம் பொறுங்கள். ஒரே ஆளைச் சன்னலைப் பார்த்து நிற்கவைத்து ஒரு படம், பக்கவாட்டில் திருப்பி ஒரு படம், சன்னலுக்கு முதுகைக் காட்டச் சொல்லி ஒரு படம் எடுங்கள். முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். வெளிச்சத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்ள கைப்பேசி தாராளமாகப் போதும். தூரத்துப் பறவை, மங்கிய வெளிச்சத்தில் ஓடும் பிள்ளைகள் என்று அது எங்கே கைவிடுகிறது என்பது தெரிந்த பிறகு வாங்கினால், எந்த லென்ஸ் வேண்டும் என்பதும் தெரிந்திருக்கும்.

கே: வீட்டுக்குள் குழந்தையை எடுத்தால் எல்லாமே கலங்கல். லென்ஸ் பழுதா?

ப: பெரும்பாலும் இருக்காது. கலங்கிய படத்தைத் திறந்து விவரங்களைப் பாருங்கள். ஷட்டர் வேகம் (ஒளி உள்ளே வரும் நேரம்), அப்பர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு), ஐஎஸ்ஓ (ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) மூன்றும் அதிலேயே பதிவாகியிருக்கும். ஃபிலிம் காலத்தில் இதையெல்லாம் நோட்டில் குறித்து வைத்தால்தான் உண்டு. டிஜிட்டலில் கற்பவர்களுக்குக் கிடைத்த பெரிய வரம் இதுதான் என்பேன். ஷட்டர் 1/30 நொடி என்றிருந்தால், அந்த நேரத்துக்குள் குழந்தை தலையைத் திருப்பிவிடும். 1/250-க்குக் கொண்டுபோங்கள். வெளிச்சம் எட்டில் ஒரு பங்காகிவிடும். ஐஎஸ்ஓ 400-ஐ 3200 ஆக்கினால் சரியாகிவிடும். நாய்ஸ், அதாவது படத்தில் பொடிப் புள்ளிகள், வரும், வரட்டும். அதைப் பிறகு குறைத்துக்கொள்ளலாம், அசைந்த முகத்தை ஒன்றும் செய்ய முடியாது.

கே: என் கேமராவில் ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதே, அது போதாதா?

ப: அது உங்கள் கை நடுங்குவதைத்தான் ஈடுகட்டும், குழந்தை அசைவதை அல்ல.

கே: முகம் நன்றாக வருகிறது, வானம் வெள்ளைத் தாளாகிவிடுகிறது. கேமரா பதிவுசெய்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுத்தால் தீருமா?

ப: ஓரளவு. வழக்கமான ஜேபெக் படக் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகள்தான். 14 பிட் ரா கோப்பில் 16,384. அதனால் நிழலில் இருப்பதை நிறையவே மீட்கலாம். ஆனால் முழுக்க வெளுத்துப்போன இடத்தில் மீட்க எதுவுமே இருக்காது. ஹிஸ்டோகிராம் (படத்தின் இருட்டு இடப்பக்கமும் வெளிச்சம் வலப்பக்கமுமாகக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தில் முட்டி நின்றால், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனில் ஒரு ஸ்டாப் குறைத்து, அதாவது வெளிச்சத்தைப் பாதியாக்கி எடுங்கள், அப்புறம் கணினியில் முகத்தின் வெளிச்சத்தை மட்டும் கூட்டிவிடுங்கள்.

கே: படங்கள் மலைபோலக் குவிந்துவிட்டன. என்ன செய்வது?

ப: எடுத்த அன்றே கழித்துவிடுங்கள். ஒரே காட்சியில் பத்து இருந்தால் இரண்டை வைத்துக்கொண்டால் போதும். வைத்துக்கொண்டவற்றை இரண்டு வெவ்வேறு வட்டுகளில் நகலெடுத்து, ஒன்றை வேறொரு வீட்டில் வையுங்கள். இரண்டையும் திறந்து பார்த்த பிறகே மெமரி கார்டை அழியுங்கள்.