மாசிலும் மீன் வாழ்கிறதே, அப்புறம் என்ன கேடு?

"மாசடைந்த துறைமுகத்திலும் கில்லிஃபிஷ் என்ற சிறு மீன் வாழ்கிறதே, அப்படியானால் மாசால் என்ன கேடு?" என்று கருத்தரங்கில் கேட்டதற்குப் பதில் சொல்ல முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள்.

அந்த மீன்கள் விஷத்துக்குப் பழகிக்கொள்ளவில்லை. அமெரிக்காவின் நியூ பெட்ஃபோர்ட் துறைமுகத்தில் 1940கள் தொடங்கி 1970கள் வரை மின்தேக்கி ஆலைகளிலிருந்து பிசிபி என்ற நச்சு வேதிப்பொருள் கழிவாகக் கலந்தது. மீனின் செல்லில் ஏஹெச்ஆர் என்றொரு புரதம் உண்டு. பிசிபி அதோடு ஒட்டிக்கொண்டு, அந்த நேரத்தில் இயங்கக் கூடாத மரபணுக்களை இயக்கிவிடும். முட்டைக்குள் இருக்கும் கருவின் இதயம் சரியாக உருவாகாது. ஏஹெச்ஆர் வழியாக மரபணுக்கள் இயங்கும் இந்தப் பாதை பிறவியிலேயே மந்தமாக இருந்த மீன்கள்தான் பிழைத்துக் குஞ்சு பொரித்தன. மற்றவை வாரிசில்லாமல் மடிந்தன. நாம் 'தகவமைப்பு' என்று எளிதாகச் சொல்லிவிடுவது அத்தனை தலைமுறைச் சாவையும் சேர்த்துத்தான். இதை அழுத்திச் சொல்லுங்கள்.

அப்புறம், கில்லிஃபிஷ் கூட்டம் மிகப் பெரியது, அதற்குள் மரபணு வேறுபாடும் ஏராளம். அதனால் தப்பியது. ஓர்க்கா திமிங்கிலத்துக்கு அந்த வசதி இல்லை. அதன் கொழுப்பிலும் பிசிபி சேர்கிறது. ஆனால் ஒரு குட்டிக்கும் அடுத்ததற்கும் இடையே பல ஆண்டுகள் ஆகும். அதனால் கில்லிஃபிஷ் போலத் தலைமுறை தலைமுறையாக மாற அதற்கு அவகாசம் இல்லை.