தேய்ந்துபோன ரோமானிய வெண்கலக் காசு: யாருடையது, எந்த ஊருடையது?

கேள்வி: சார், தாத்தாவின் பழைய காசு டப்பாவில் இருந்தது. 17 மி.மீ., 2.3 கிராம். முன்பக்கம் வலப்புறம் பார்க்கும் முகம், தலையில் முத்துப் பட்டம். பின்பக்கம் ஒரு வீரன், குதிரையிலிருந்து சரிபவனை ஈட்டியால் குத்துகிறான். பெயர் 'கான்ஸ்டான்...' வரைதான் தெரிகிறது. அடியில் ஏ, எல், இ. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன்தானே?

பதில்: இல்லை. அவர் கி.பி. 337-லேயே இறந்துவிட்டார். குதிரைவீரன் விழும் இந்த வகை 348-இல்தான் தொடங்குகிறது. பெயரை நம்பாதீர்கள். கான்ஸ்டன்டைன், கான்ஸ்டன்ஸ், கான்ஸ்டான்டியஸ் என்று அந்தக் குடும்பமே நம்மைக் குழப்பப் பெயர் வைத்ததுபோல் இருக்கும்! பின்பக்கத்தையும் எடையையும் பாருங்கள். தொடங்கியபோது இந்த வகை பெரிய காசாக இருந்தது. 350-களில்தான் இந்த அளவுக்குச் சுருங்கியது. கான்ஸ்டன்ஸ் 350-லேயே கொல்லப்பட்டதால் அவராக இருக்க முடியாது. மிஞ்சுவது இரண்டாம் கான்ஸ்டான்டியஸும், அவருக்குக் கீழே சீசராக, அதாவது இளைய ஆட்சியாளராக, இருந்த காலஸ், ஜூலியன் இருவரும். காலஸின் காசிலும் 'கான்ஸ்டான்டியஸ்' என்றே இருக்கும். ஆனால் சீசர்களுக்கு வெறுந்தலைதான், பட்டம் பேரரசருக்கு. ஆக, உங்களுடையது இரண்டாம் கான்ஸ்டான்டியஸ். ஏ-எல்-இ என்பது எகிப்தின் அலெக்சாந்திரியா அக்கசாலை, அதாவது காசு அடிக்கும் இடம். அதை ஒட்டி இன்னொரு எழுத்து தெரிந்தால், அது அங்குள்ள எந்தப் பட்டறை என்பதைச் சொல்லும்.

கேள்வி: புளி போட்டுத் தேய்த்தால் எழுத்து தெளியுமா?

பதில்: ஐயோ, வேண்டாம். எழுத்து பிழைத்திருப்பதே அந்தப் பச்சைப் படிவில்தான். புளி, எலுமிச்சை, வினிகர் எல்லாமே அதை அரித்துவிடும். காய்ச்சி வடித்த நீரில் ஊறவிட்டு, நீரை மாற்றிக்கொண்டே இருங்கள். மண்ணை மரக்குச்சியால் மெல்ல நெருடுங்கள். வெளிர்பச்சைத் தூள் துடைக்கத் துடைக்க வந்தால் அது குளோரைடு அரிப்பு. அந்தக் காசைத் தனியாக, ஈரம் படாமல் வையுங்கள்.

கேள்வி: என் காசில் முன்பக்கம் தலைக்கவசம் போட்ட பெண், பின்பக்கம் ஓநாயிடம் பால் குடிக்கும் இரு குழந்தைகள். எந்த அரசி?

பதில்: அரசி இல்லை, ரோம் நகரமே பெண்ணுருவில். கான்ஸ்டான்டிநோபிளை 330-இல் தலைநகராகத் தொடங்கிவைத்தபோது, இரு நகரங்களுக்கும் கான்ஸ்டன்டைன் காசு வெளியிட்டார். புது நகரத்தின் காசில் கப்பல் முகப்பில் நிற்கும் வெற்றித் தேவதை இருக்கும்.

கேள்வி: அண்ணை, நான் யாழ்ப்பாணம். என்னட்ட இருக்கிறது ஒரு கிராம்கூட வராது. முகம் கோடும் புள்ளியுமாக் கிடக்கு, எழுத்தே இல்லை. போலியோ?

பதில்: இந்தக் காலத்துப் போலியாக இருக்க வேண்டியதில்லை, தம்பி. ரோமானியச் சில்லறையைப் பார்த்து இலங்கையிலேயே பழங்காலத்தில் அடித்த காசுகள் நிறையக் கிடைத்திருக்கின்றன. எனக்கு அசலைவிட அவைதான் சுவாரசியம். விளிம்பைப் படம் எடுத்து அனுப்புங்கள். சுற்றிலும் வார்ப்புத் தையல் (அச்சின் இரு பாதிகள் சேர்ந்த கோடு) ஓடினால் மட்டும் சந்தேகப்படலாம்.

கேள்வி: கரூரில் அமராவதி ஆற்று மணலில் ஒரு பழங்காசு கண்டெடுத்தேன். விற்கலாமா?

பதில்: அங்கே நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுச் சிறு செப்புக் காசுகள் கிடைப்பது தெரிந்ததுதான். ஆனால் மண்ணில் புதைந்து கிடைத்த பொருள் 10 ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். முதலில் அதைச் செய்யுங்கள். எடுத்த இடத்தையும் எழுதிக் கொடுங்கள்.