கட்டார் கேஸ் கம்பெனி வேலைக்கு மகனை அனுப்பலாமா?

பாண்டிருப்பிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகனுக்கு 23 வயது, வெல்டிங் படித்து என்.வி.கியூ. 4 (தேசிய தொழிற் தகைமை) எடுத்தவர். கட்டாரில் எல்.என்.ஜி. (திரவமாக்கிய இயற்கை வாயு) கம்பெனியில் நிரந்தர வேலை என்று கல்முனையில் ஒருவர் ஐந்து இலட்சம் கேட்கிறாராம். பாதியை வெள்ளிக்கிழமைக்குள் கட்ட வேண்டும், விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்கிறாராம். தாயின் கவலை வேறு: "கேஸ் வெடித்தால் என் பிள்ளையின் கதி என்ன?"

அம்மா, 2021 கடைசியில் வீட்டு அடுப்படிகளில் சிலிண்டர் வெடித்ததை நாம் யாரும் மறக்கவில்லை. உங்கள் பயம் நியாயம்தான். ஆனால் இது அந்தக் கேஸ் இல்லை. சிலிண்டரில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும். எல்.என்.ஜி. பெரும்பாலும் மீத்தேன். அதை மைனஸ் 162 பாகைக்குக் குளிரவைத்தால் திரவமாகி, 600 பங்கு இடம் பிடித்தது ஒரு பங்காகச் சுருங்கிவிடும், கப்பலில் ஏற்றலாம். டோஹாவுக்கு வடக்கே 80 கிலோமீட்டரில் இருக்கும் ராஸ் லஃபானில் இதைத்தான் செய்கிறார்கள். குளிரவைக்கும் ஒவ்வொரு தொகுதிக்கும் ட்ரெயின் என்று பெயர். 14 ட்ரெயினில் வருடம் 77 மில்லியன் தொன் என்றிருந்த கொள்ளளவை 142 மில்லியனாக்கப் போவதாக 2024இல் அறிவித்தார்கள். வெல்டர்களைத் தேடுவது இந்தக் கட்டுமானத்துக்குத்தான். கட்டி முடித்துச் சோதிக்கும் வரை அந்தக் குழாய்களில் கேஸே வராது.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. உயரம், வெயில், அப்புறம் ஆர்கன். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயை ஒட்டும்போது உள்ளே ஆர்கன் வாயுவை நிரப்புவார்கள். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, ஆனால் அது நிறைந்த இடத்தில் மூச்சுவிட ஒட்சிசன் இருக்காது. நான் அங்கே வெல்டிங் இன்ஸ்பெக்டராக இருந்தபோது, வாழைச்சேனைப் பையன் ஒருவன் ஒட்டு எப்படி விழுந்திருக்கிறது என்று பார்க்கப் பெரிய குழாய்க்குள் தலையை விட்டான். சத்தமே இல்லை, முழங்கால் மடிந்தது. பக்கத்தில் நின்றவர் சட்டைக் கொலரைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தான். உங்கள் மகனுக்கு இதை நீங்களே சொல்லுங்கள்.

சரி, இனி அந்தக் கல்முனைக்காரர். எனக்குக் கேஸைவிட இவரைத்தான் பயம்.

நிரந்தர வேலை என்பது பொய். கேஸ் கம்பெனி கட்டுமான வெல்டரை நேரே எடுப்பதில்லை. கொன்ட்ராக்ட் எடுத்த கம்பெனி, அதற்குக் கீழே இன்னொன்று, அதற்கும் கீழே ஆள் கொடுக்கும் கம்பெனி. ட்ரெயின் முடிந்தால் வேலையும் முடியும். விசிட் விசாவில் வேலை செய்வது அங்கே சட்டவிரோதம். சம்பளம் தராவிட்டால் முறையிடப் போகவும் பயப்படுவான். முறையாகப் போகிறவருக்குக் கொழும்பிலுள்ள கட்டார் விசா நிலையத்திலேயே மெடிக்கல், கைரேகை, ஒப்பந்தம் மூன்றும் நடக்கும். செலவு முதலாளியுடையது. ஆகவே "மெடிக்கலுக்குக் காசு" என்று ஒருவர் கை நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். சட்டப்படி குறைந்த சம்பளம் மாதம் 1000 ரியால். தங்குமிடமும் சாப்பாடும் தராவிட்டால் மேலதிகமாக 500, 300. வெல்டருக்கு 1000 மட்டும் என்றால் அதுவும் போதாது.

குறுகிய ஒப்பந்தம் எல்லாமே ஏமாற்று என்று நினைக்கவேண்டாம். ஓடுகிற ட்ரெயினைச் சில வாரம் நிறுத்திப் பழுது பார்ப்பார்கள், ஷட்டவுன் என்பது அதுதான். அதற்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஆள் எடுப்பது உண்மையான வேலை, ஓவர்டைமும் கிடைக்கும். ஆனால் அங்கே பழைய குழாயில் கேஸ் மிச்சமிருக்கலாம். கேஸ் டெஸ்ட் எடுத்து, வேலையைத் தொடங்கலாம் என்ற பெர்மிட்டில் கையெழுத்து விழுமுன் டோர்ச்சைத் தொடக்கூடாது. அந்த வேலைக்கும் உரிய வேலை விசா வேண்டும், விசிட் விசா செல்லாது. காலம் எத்தனை நாள் என்று தாளில் இருக்கவேண்டும். "முதலில் ஷட்டவுன், பிறகு நிரந்தரம்" என்று வாயால் சொன்னால் நம்பாதீர்கள்.

ஏஜென்சியின் உரிம எண்ணையும், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அனுமதித்த ஜொப் ஓர்டரையும் (இன்ன வேலைக்கு இத்தனை ஆள் வேண்டும் என்று முதலாளி கேட்கும் கடிதம்) கேளுங்கள். அவர் வெறும் சப் ஏஜென்ட் என்றால் இரண்டும் இருக்காது. பணியகத்தின் 1989க்கு அழைத்துச் சரிபார்க்கலாம். பிரதேச செயலகத்திலும் இதற்கென்று உத்தியோகத்தர் இருக்கிறார். ஒரு விஷயத்தை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது. காசைப் பறிகொடுத்தவர் இரவு பஸ் ஏறித் தலைநகருக்கு அலைகிறார், பறித்தவர் அதே கடையில் தேநீர் குடித்தபடி அடுத்த தாயோடு பேசிக்கொண்டிருக்கிறார். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த இந்த ஆட்களை அதிகாரிகளுக்கு மட்டும் ஏன் தெரிவதில்லை?

வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சதமும் கட்டவேண்டாம். பாஸ்போர்ட்டையும் கொடுக்கவேண்டாம், கொடுத்திருந்தால் இன்றைக்கே போய் வாங்குங்கள். அதற்கிடையில் மகன் டிக் வெல்டிங்கில் (ஆர்கன் வாயுவை வைத்து ஒட்டும் முறை) 6ஜி என்ற நிலையைப் பழகட்டும். குழாயை 45 பாகை சரிவாக நிறுத்தி, அதைத் திருப்பாமலே சுற்றி ஒட்டவேண்டும். ஒட்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். அதில் தேறியவரை ஏஜென்சியே தேடி வரும்.