பல் நரம்பு பரிசோதனை: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

புதுச்சேரி, கடலூர் பக்கத்திலிருந்து வந்த கேள்விகள் இவை. எல்லாரும் சுற்றிச் சுற்றிக் கேட்பது ஒன்றைத்தான்: பல்லுக்குள் இருக்கும் கூழ், நாம் பேச்சில் நரம்பு என்கிறோமே அது, நன்றாக இருக்கிறதா இல்லையா என்று டாக்டருக்கு எப்படித் தெரியும்?

முத்தியால்பேட்டை வாசகி: பஞ்சுல ஏதோ ஸ்ப்ரே அடிச்சு பல்லுல வெச்சாங்க டாக்டர். உச்சந்தலை வரைக்கும் ஜிவ்வுன்னு ஏறுச்சு. அப்போ நரம்பு போயிடுச்சா?

ஜிவ்வென்று ஏறியதே நல்ல சேதிதான் அம்மா. அந்த ஸ்ப்ரே பஞ்சைப் பூஜ்ஜியத்துக்கும் கீழே இருபது டிகிரிக்கு மேல் குளிர வைத்துவிடும். நல்ல பல்லும் துள்ளத்தான் செய்யும். பார்க்க வேண்டியது பஞ்சை எடுத்த பிறகு என்ன ஆனது என்பதைத்தான். ஓரிரு நொடியில் அடங்கினால் கூழ் நன்றாக இருக்கிறது. சுரீரென்று கூடுதலாக வலித்து, ஆனால் சட்டென்று விட்டுவிட்டால் லேசான அழற்சி. சொத்தையைச் சுரண்டி அடைத்தாலே பெரும்பாலும் தேறிவிடும். பஞ்சை எடுத்தும் அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று விண்விண்ணென்று தெறித்தால்தான் ரூட் கெனால் பேச்சு வரும். ஒன்றுமே தெரியவில்லை என்றால் கூழ் செத்திருக்கலாம்.

இன்னொன்று. வலிக்கிற பல்லைத் தொடுவதற்கு முன் எதிர்ப்பக்கத்தில் அதே இடத்துப் பல்லைச் சோதித்தாரா? உங்களுடைய நல்ல பல் எப்படித் துள்ளுகிறது என்று தெரியாமல் கெட்ட பல்லை எடைபோட முடியாது. அதைச் செய்யாமல் முடிவு சொன்னால், நானாக இருந்தால் இன்னொருவரிடமும் காட்டுவேன்.

திருப்பாதிரிப்புலியூர் வாசகர்: கரண்ட் டெஸ்ட்ல ஒரு பல்லுக்கு 30, இன்னொண்ணுக்கு 50 வந்துச்சு. 50 வந்தது அதிகம் கெட்டுப்போச்சா?

இல்லை சார். பல்லில் லேசான கரண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, எந்த அளவில் உணர்வு தெரிகிறது என்று கருவி காட்டும் எண் அது; பரிட்சை மார்க் கிடையாது. எனாமல் தடிமனாக இருந்தாலே எண் ஏறும். பல் பதில் சொன்னதா, இல்லையா என்பதோடு அந்தக் கருவியின் வேலை முடிந்தது. அதுவும் பல் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும்; எச்சில் ஈரம் இருந்தால் கரண்ட் ஈறுக்குத் தாவி, செத்த பல்லும் உயிரோடு இருப்பதுபோல் காட்டும். கேப் போட்ட பல்லில் இதை நம்பிப் பயனில்லை.

கடலூர் ஓ.டி. வாசகி: பையனுக்கு எட்டு வயசு. சைக்கிள்ல விழுந்து முன்பல் அடிபட்டு ரெண்டு வாரம் ஆகுது. டெஸ்ட் பண்ணா உணர்வே இல்லையாம். ரூட் கெனால் பண்ணிடலாமா?

அது ஒன்றை மட்டும் வைத்து அவசரப்படாதீர்கள். குளிரும் கரண்டும் நரம்பைத்தான் கேட்கின்றன. பல்லுக்கு உயிர் கொடுப்பதோ ரத்த ஓட்டம். அடிபட்ட பல்லில் ரத்தம் ஓடிக்கொண்டே இருக்கும், நரம்பு மட்டும் மரத்துப்போய்க் கிடக்கும். உணர்வு திரும்ப மூன்று மாதம்கூட ஆகலாம். அதோடு எட்டு வயதில் முன்பல்லின் வேர் நுனி இன்னும் மூடியிருக்காது. அந்தப் பல்லில் நரம்பிழைகளே முழுதாக வளர்ந்திருக்காது என்பதால் கரண்ட் டெஸ்ட் சும்மாவே ஏமாற்றும். நுனி திறந்திருப்பதில் லாபமும் உண்டு: ரத்த ஓட்டம் மீண்டும் பிடித்துக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

ரத்த ஓட்டத்தையே அளக்க லேசர் டாப்ளர் என்று ஒரு முறை இருக்கிறது. கொரோனா சமயத்தில் விரலில் மாட்டினோமே, அந்த ஆக்சிமீட்டரையும் பல்லுக்கு ஏற்றமாதிரி மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். சாதாரண கிளினிக்கில் இவற்றை எதிர்பார்க்க முடியாது. ஆகவே டாக்டர் சொல்கிற தேதிகளில் தவறாமல் போய்ச் சோதனையும் எக்ஸ்ரேயும் எடுங்கள். பல் சாம்பல் நிறமாவது, ஈறில் சீழ்க் கொப்புளம், எக்ஸ்ரேயில் வேர் நுனியைச் சுற்றிக் கறுப்பு, வேர் வளராமல் நிற்பது: இவற்றில் ஏதாவது உணர்வின்மையோடு சேர்ந்து வந்தால் அப்போது பேசலாம். கொப்புளமோ வீக்கமோ தெரிந்தால் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம்.

அரியாங்குப்பம் வாசகர்: வலி தாங்காம மாத்திரை போட்டுட்டுத்தான் டாக்டர்கிட்ட போனேன். தப்பா?

தப்பில்லை, ஆனால் சொல்லிவிடுங்கள். இபுப்ரோஃபென் போன்ற மாத்திரை சோதனையில் வலியை அமுக்கிக் காட்டலாம்.

வில்லியனூர் வாசகி: கண்ணாடிக் கைப்பிடியால பல்லைத் தட்டிப் பார்த்தாங்களே, அதுவும் நரம்பு டெஸ்ட்டா?

இல்லை. தட்டும்போது வலித்தால், அழற்சி வேரைச் சுற்றியுள்ள தசைநார் வரை வந்துவிட்டது என்று பொருள். அதனால்தான் கூழ் முழுக்கச் செத்த பல்கூடத் தட்டினால் துடிக்கும். ‘உயிர் இல்லைன்னீங்க, வலிக்குதே’ என்று சண்டைக்கு வருபவர்கள் உண்டு!

நெல்லிக்குப்பம் வாசகர்: அப்பாவுக்கு பேஸ்மேக்கர் இருக்கு.

முதலிலேயே சொல்லிவிடுங்கள். கரண்ட் டெஸ்ட்டை விட்டுவிட்டுக் குளிர் சோதனையில் பார்த்துக்கொள்ளலாம்.

பாகூர் வாசகர்: இதுக்கெல்லாம் எக்ஸ்ரே ஒண்ணு போதாதா?

போதாது. கூழ் இருக்கும் இடம் அதில் வெறும் கறுப்பாகத் தெரியும். உயிரோ சாவோ தெரியாது. எலும்பு கணிசமாகக் கரைந்த பிறகே மாற்றம் தென்படும்.

லாஸ்பேட்டை வாசகர்: டீ குடிச்சா உயிர் போகுது, ஐஸ் தண்ணி வெச்சா அடங்குது. ராத்திரி பாட்டிலோடதான் படுக்கிறேன். எந்த டெஸ்ட் எடுக்கணும்?

பாதி டெஸ்ட்டை நீங்களே செய்துவிட்டீர்கள். சூட்டில் வலித்துக் குளிரில் அடங்கினால் கூழ் அநேகமாகக் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. எந்தப் பல் என்று பிடிக்க, வாஸ்லைன் தடவிவிட்டுச் சூடாக்கிய கட்டாபெர்ச்சா (ரப்பர் போன்ற ஒரு பொருள்) குச்சியை ஒவ்வொரு பல்லாக வைத்துப் பார்ப்பார்கள். தண்ணீரை வாயில் அடக்கியே நாளைக் கடத்தாதீர்கள். கோரிமேடு அரசு பல் மருத்துவக் கல்லூரி உங்களுக்குப் பக்கம்தான். நாளைக் காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போடுங்கள். போகும்போது அந்த பாட்டிலும் கையில் இருக்கட்டும், வழியில் தேவைப்படும்.