முதலில் சார்ஜரைப் பிடுங்குங்கள்: எஸ்டிஆர் கணினி கேள்வி-பதில்

ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் வாங்கப் போகிறேன். ஐ7, 32 ஜிபி ரேம், தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள கேமிங் லேப்டாப் போதுமா? – ஈரோடு வாசகர்

அதில் கால்வாசி போதும். எஸ்டிஆர் என்றால் கணினி மென்பொருளில் ஓடும் ரேடியோ. யுஎஸ்பியில் செருகும் இந்த டாங்கிள்தான் அதன் ரிசீவர், ஆன்டெனா சிக்னலை அளந்து நொடிக்கு 24 லட்சம் சாம்பிள் அனுப்புகிறது. சாம்பிளுக்கு 2 பைட் என்றால் நொடிக்கு 5 எம்பி. பழைய ஐ5 கூட இதைச் சாப்பிட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும். 8 ஜிபி ரேம், ஒரு எஸ்எஸ்டி, அவ்வளவுதான். ரிச்சி தெருவில் கம்பெனிகள் கழித்துவிட்ட பிசினஸ் லேப்டாப்புகள் கிடைக்கும், அவற்றில் ஒன்றைப் பாருங்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது. 11 வேண்டுமானால் இன்டெல் 8-ஆம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். லினக்ஸ் என்றால் 6-ஆம் தலைமுறையே தாராளம். ஒன்றை மட்டும் கடையிலேயே சோதியுங்கள்: பேட்டரி ஒரு மணி நேரமாவது நிற்க வேண்டும். காரணம் கீழே காரைக்குடிக்காரருக்கு எழுதிய பதிலில் இருக்கிறது. மிச்சமாகும் பணத்தை ஆன்டெனாவில் போடுங்கள்.

டாங்கிள் வேலை செய்யவில்லை. என்ன செய்வது? – ஊர் எழுதவில்லை

ஊரை மட்டுமா எழுதவில்லை? எந்த விண்டோஸ், எந்த மென்பொருள், திரையில் என்ன பிழைச்செய்தி, எதுவுமே இல்லை. இப்படிக் கேட்டால் ஜோசியர்தான் பதில் சொல்ல வேண்டும். போகட்டும், பத்தில் எட்டு பேருக்கு இது டிரைவர் பிரச்சினைதான். டிரைவர் மாற்றும் சாடிக் (Zadig) மென்பொருளைத் திறந்து, ஆப்ஷன்ஸில் 'லிஸ்ட் ஆல் டிவைசஸ்' டிக் செய்து, 'பல்க்-இன், இன்டர்ஃபேஸ் 0' என்பதைத் தேர்ந்தெடுத்து வின்யுஎஸ்பி டிரைவரை ஏற்றுங்கள். அழுத்துவதற்கு முன் பட்டியலை இரண்டு முறை படியுங்கள். கீபோர்டையோ மவுஸையோ தேர்ந்தெடுத்துவிட்டு 'எல்லாம் செத்துப்போச்சு' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். வேறு போர்ட்டில் செருகியதும் விண்டோஸ் பழைய டிவி டிரைவரைத் திரும்ப ஏற்றிவிட்டால், இதையே மறுபடி செய்யுங்கள். லினக்ஸில் கெர்னலின் டிவிபி (டிஜிட்டல் டிவி) மாட்யூல் டாங்கிளை முதலில் பிடித்துக்கொள்ளும். அதை பிளாக்லிஸ்ட் செய்து ரீபூட் பண்ணுங்கள்.

ஆர்டிஎல்-எஸ்டிஆர் வி4 டாங்கிள். 100 மெகாஹெர்ட்ஸில் எஃப்எம் அருமை, 7 மெகாஹெர்ட்ஸில் ஒன்றுமே இல்லை. – தூத்துக்குடி

பழைய டிரைவர். வி4-க்குள் தாழ்ந்த அலைவரிசையை மேலே தூக்கிக் கொடுக்கும் அப்கன்வர்ட்டர் இருக்கிறது, அதற்கென்றே உள்ள புதிய டிரைவர் கோப்புகள் வேண்டும். முந்தைய வி3-இல் செய்தது போல 'டைரக்ட் சாம்ப்ளிங்' போடாதீர்கள்.

சில நொடிக்கு ஒருமுறை ஆடியோ விட்டுவிட்டு வருகிறது. சிபியு 15 சதவீதம்கூடப் போகவில்லை. – ஓசூர்

சிபியு மீது குற்றமில்லை. சாம்பிள் ரேட்டை 3.2 மெகாவில் (நொடிக்கு 32 லட்சம்) வைத்திருப்பீர்கள், 2.4-க்கு இறக்குங்கள். அதற்கு மேல் போனால் சாம்பிள்கள் தவறும். ஹப்பை எடுத்துவிட்டு நேராக லேப்டாப் போர்ட்டில் செருகுங்கள். பவர் ஆப்ஷன்ஸில் 'யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்'டை அணையுங்கள். இன்னும் வெட்டினால் லேட்டன்சிமான் மென்பொருளைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, எந்த டிரைவர் நேரத்தைத் தின்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் வைஃபை டிரைவர்தான் பிடிபடும்.

ஹேக்ஆர்எஃப் என்ற வேறு எஸ்டிஆர் கருவி வைத்திருக்கிறேன். மேலே சொன்ன கணக்கு இதற்கும் சரியா? – கோவை

இல்லை. 20 மெகா சாம்பிளில் அது நொடிக்கு 40 எம்பி தள்ளும், யுஎஸ்பி 2 நடைமுறையில் தாங்கும் எல்லையே அதுதான். அதே கன்ட்ரோலரில் வெளி ஹார்ட் டிஸ்க்கையும் மாட்டாதீர்கள். இங்கே வேகமான சிபியுவுக்கு வேலை உண்டு.

7 மெகாஹெர்ட்ஸ் முழுக்க 60, 70 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் தடித்த கோடுகள், சிக்னல் மீட்டரில் எஸ்9 அளவுக்குப் பலத்த இரைச்சல். டாங்கிள் மட்டமோ? விலை கூடிய ரிசீவர் வாங்கலாமா? – காரைக்குடி

வாங்குங்கள். அதே கோடுகளை இன்னும் தெளிவாகப் பார்க்கலாம்.

டாங்கிள் மேல் பழி போடும் முன் லேப்டாப் சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு வாட்டர்ஃபாலை (திரையில் சிக்னல்கள் கோடுகளாக ஓடும் படம்) பாருங்கள். கோடுகள் அந்த நொடியே மறைந்தால் விசாரணை முடிந்தது. சார்ஜருக்குள் இருக்கும் சுவிட்ச் நொடிக்கு 60, 70 ஆயிரம் முறை திறந்து மூடுகிறது. நீங்கள் பார்ப்பது அதன் மடங்குகள். லோடு மாறினால் கோடுகளும் மெல்ல நகரும், அதை வைத்தே அடையாளம் கண்டுகொள்ளலாம். ஒழுங்கான சார்ஜரில் மெயின்ஸ் நுழையும் இடத்தில் ஒரு சோக் சுருளும் வடிகட்டிக் கெபாசிட்டர்களும் இருக்கும். மலிவு டூப்ளிகேட் சிலவற்றைத் திறந்தால், சுருள் உட்கார வேண்டிய இடத்தில் இரண்டு கம்பித் துண்டுகளைப் பற்றவைத்திருப்பார்கள். அந்த இரைச்சல் டிசி வயர், லேப்டாப் சேஸிஸ், யுஎஸ்பி ஷீல்டு, டாங்கிள், கோஆக்ஸின் (ஆன்டெனா கேபிளின்) வெளிப்புறம் என்று வரிசையாகப் பிடித்து மாடிக்கு ஏறி, ஆன்டெனா வழியாகத் திரும்ப இறங்குகிறது. எழுபதாயிரம் ரூபாய்க்கு லேப்டாப் வாங்குகிறார்கள், சார்ஜர் போனதும் முந்நூறு ரூபாய்க்கு ஒன்றைத் தேடுகிறார்கள்!

இதைவிட மோசம், மூன்று முள் பிளக்கை இரண்டு முள் கன்வர்ட்டரில் செருகுவது. எர்த் இல்லாமல் வடிகட்டி பாதி வேலைதான் செய்யும். அதோடு சேஸிஸ் மெயின்ஸில் ஏறத்தாழ பாதி வோல்டேஜில், 110, 115 வோல்ட்டில் மிதக்கும். லேப்டாப்பைத் தொட்டால் விரல் சுருக்கென்கிறதே, அது இதுதான். மாடியில் எர்த் ஆன கோஆக்ஸை அப்போது டாங்கிளில் திருகினால், முனையில் சின்னப் பொறி தெறிக்கும். டாங்கிள் 'திடீரென்று செவிடானதற்கு' அது போதும்.

சார்ஜரைப் பிடுங்கியும் போகவில்லையா? லேப்டாப் பேட்டரியில் ஓடட்டும், ஆன்டெனாவைக் கழற்றுங்கள். இரைச்சல் நின்றால் அது வெளியிலிருந்து வருகிறது. பிறகு ஆன்டெனாவை மாட்டிக்கொண்டு வீட்டு மெயினை இறக்குங்கள், இன்வெர்ட்டரையும் சேர்த்து. தெருவுக்கே கரண்ட் போகும் நேரம் கிடைத்தால் விடாதீர்கள், அதைவிட நல்ல சோதனைக்கூடம் கிடையாது. அப்போதும் இன்வெர்ட்டர் அணைந்திருக்க வேண்டும்.

கேபிள் வழி வரும் இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் பற்றி: கேபிளில் ஒரே ஒரு கிளிப் மாட்டிவிட்டு 'பயனில்லை' என்று எழுதாதீர்கள். தடுப்பு சுற்றுகளின் வர்க்கத்தில் ஏறுகிறது. 40 மீட்டர் பேண்டுக்கு (அதாவது 7 மெகாஹெர்ட்ஸுக்கு) '31 மிக்ஸ்' வகை ஃபெரைட், 2.4 அங்குல வளையத்தில் கோஆக்ஸை 10 முதல் 12 சுற்று. யுஎஸ்பி கேபிளுக்கும் தனி வளையத்தில் நான்கைந்து சுற்று. டாங்கிளை லேப்டாப்பின் விலாவில் ஒட்டவைக்காமல், ஷீல்டு உள்ள ஒரு மீட்டர் கேபிளில் தள்ளி வையுங்கள்.

ராஸ்பெர்ரி பை 5 (கையளவு கணினி) போதுமா? – மதுரை

ரிசீவருக்குப் போதும். 5 ஆம்பியர் அடாப்டர் இல்லாவிட்டால் எல்லா யுஎஸ்பி போர்ட்டுக்கும் சேர்த்து 600 மில்லிஆம்பியர்தான் கொடுக்கும். ஒரு டாங்கிள் 300-ஐ எடுத்துக்கொள்ளும். கறுப்பு நிற யுஎஸ்பி 2 போர்ட்டில் செருகுங்கள். மாடியில் ராஸ்பெர்ரி பையை வைத்து கீழே கேட்பதென்றால் லேன் கேபிள் இழுங்கள். முழு ரேட்டில் 40 மெகாபிட் ஓடும், இரண்டு சுவர் தாண்டிய வைஃபை திணறும். ராஸ்பெர்ரி பைக்கும் டூப்ளிகேட் அடாப்டர் போடாதீர்கள், இரைச்சல் கதை அதேதான்.

இரவு முழுக்க ஐக்யூ (டாங்கிள் தரும் மூல சாம்பிள்கள்) பதிவு செய்ய 128 ஜிபி பென்டிரைவ் போதுமா? – நாகர்கோவில்

2.4 ரேட்டில், 8 பிட்டில் மணிக்கு 17 ஜிபி, 16 பிட்டில் 35. நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். ஃபேட்32-இல் 4 ஜிபியோடு கோப்பு நின்றுவிடும், எக்ஸ்ஃபேட்டாக மாற்றுங்கள்.

நோவா செயற்கைக்கோள் படம் எடுக்க எந்த மென்பொருள்? – சேலம்

அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள்களான நோவா 15, 18, 19 மூன்றையும் 2025-இல் நிறுத்திவிட்டார்கள். ரஷ்யாவின் மெட்டியோர்-எம் 137.9 மெகாஹெர்ட்ஸில் வருகிறது, சாட்டம்ப் போதும்.

எஃப்டி8 (அமெச்சூர் ரேடியோவின் டிஜிட்டல் முறை) சிக்னல் வாட்டர்ஃபாலில் பளிச்சென்று தெரிகிறது, ஒரு வரிகூட டீகோட் ஆகவில்லை. – திருநெல்வேலி

கடிகாரம். கணினியின் நேரம் ஒரு நொடிக்குள் சரியாக இருக்க வேண்டும். விண்டோஸ் நேர அமைப்பில் 'சிங்க் நவ்' அழுத்துங்கள். அப்படியும் வரவில்லை என்றால் மோடு யுஎஸ்பியா, அதாவது மேல் சைடுபேண்டா என்று பாருங்கள். எஸ்டிஆர் ஒலியை டீகோடருக்குக் கடத்தும் வர்ச்சுவல் ஆடியோ கேபிளின் இரு முனையிலும் 48,000 ஹெர்ட்ஸ் இருக்கட்டும். எஃப்டி8-ஐ டீகோட் செய்யும் டபிள்யுஎஸ்ஜேடி-எக்ஸ் மென்பொருளின் மீட்டர் 30 டிபி அருகே நிற்கட்டும். சார்ஜரைப் பிடுங்கிப் பார்த்தீர்களா?