உப்புக்காற்று ஊரில் பழைய ஜீப் வாங்குகிறீர்களா? கேளுங்கள், சொல்கிறேன்

உச்சிப்புளியிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, நாலு சக்கரமும் இழுக்கும் ஃபோர் வீல் ஜீப் ஒன்று பார்த்திருக்கிறேன். எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தால் வாங்கலாம்?

மீட்டரை விடுங்கள் தம்பி, அடியில் படுத்துப் பாருங்கள். எஞ்சின் போனால் காசைக் கொட்டி சரிசெய்துவிடலாம். வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேஸி போனால் வண்டியே போச்சு. நம் கரையில் வண்டியைத் தின்பது ஓட்டம் இல்லை, உப்பு.

கீழக்கரை: மேலே பெயின்ட் புதுசாக இருக்கிறது. அடியில் என்ன பார்ப்பது?

அடியிலும் கறுப்பு பெயின்ட் பளபளவென்று இருந்தால் அங்கேதான் சந்தேகப்பட வேண்டும். ஸ்க்ரூ டிரைவர் பிடியால் சேஸியைத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு 'டங்' என்னும், அரித்த இடம் 'தொப்' என்னும். பின் ஸ்பிரிங் பட்டை மாட்டும் பிராக்கெட், பாடி உட்காரும் இடங்கள், சேஸி ஓட்டைகள் எல்லாவற்றையும் பாருங்கள். ஓட்டைக்குள் விரலை விட்டால் ஈர மணல் வரும் வண்டியும் உண்டு. பாடியில் ஒரு சின்ன காந்தம் வைத்துப் பாருங்கள், பட்டி பூசிய இடத்தில் ஒட்டாது.

இன்னொன்று. சேஸி நம்பர் தெளிவாகப் படிக்க முடிகிறதா? எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்குப் போகும்போது அதன் மேல் பென்சிலால் தேய்த்து அச்சு எடுப்பார்கள். துரு நம்பரைத் தின்றுவிட்டால் ஆர்.சி. கையில் இருந்தும் அலைச்சல்தான். ஒருமுறை எனக்கு வந்த வண்டியில் கடைசி மூன்று எழுத்து துருவோடு உதிர்ந்து என் கையிலேயே வந்தது.

ராமேஸ்வரம்: தனுஷ்கோடி சவாரி ஓடிய வண்டி விலைக்கு வந்திருக்கிறது. மலிவு.

மலிவாகத்தான் இருக்கும். 2017-இல் அரிச்சல்முனை வரை தார் ரோடு வருவதற்கு முன் அந்த வண்டிகள் கடல் தண்ணீரிலும் மணலிலும்தான் ஓடின. அதற்குப் பிறகு சவாரிக்கு வந்த வண்டி என்றால் கதை வேறு, ஆர்.சி.யில் வருஷம் பாருங்கள். எதுவானாலும் முன்னும் பின்னும் டிஃபரன்ஷியல், அதாவது அச்சின் மேல் இருக்கும் கியர் உருண்டை, அதன் ஆயில் பிளக்கைக் கழற்றச் சொல்லுங்கள். ஆயில் பால் விட்ட டீ மாதிரி இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. கழற்ற விடமாட்டேன் என்றால் வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள்.

தங்கச்சிமடம்: பழைய எஞ்சின் ஆயிலை அடியில் பூசினால் துரு பிடிக்காதே அண்ணே? படகு எஞ்சினுக்கு நாங்கள் அதைத்தானே பூசுகிறோம்?

படகு எஞ்சின் மணலில் ஓடுவதில்லை தம்பி. ஜீப் அடியில் பூசிய ஆயிலில் மணல் ஒட்டும், மணலில் உப்பு ஒட்டும், ஈரம் காயாது. ரப்பர் புஷ் எல்லாம் ஊறி உப்பிவிடும். விற்கிறவருக்குத்தான் லாபம், துரு தெரியாது.

தங்கச்சிமடம்: எங்கள் அப்பா இருபது வருஷமாகப் பூசுகிறார். வண்டி ஓடுகிறதே!

பாம்பன்: அந்த வண்டிச் சேஸியில் மூன்று இடத்தில் வெல்டிங் போட்டது நான்தான். அதையும் சொல்லு மாப்ள.

தங்கச்சிமடம்: வெல்டிங் போட்டது துருவுக்கு இல்லை, இறால் லோடு அதிகமாக ஏற்றியதற்கு!

பாம்பன்: லோடு ஏற்றினால் இரும்பு வளையும். கையால் கிள்ளினால் பிய்ந்து வராது.

இரண்டு பேரும் நிறுத்துங்கள், கேள்வி கேட்டவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். தங்கச்சிமடம் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. நல்ல தண்ணீரில் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, சேஸியின் *உள்* குழாயில் புது ஆயில் தெளித்தால் பலன் தெரியும். ஈரத்தின் மேல் கழிவு ஆயில் பூசுவது புண்ணை மூடிக் கட்டுவது மாதிரி.

சாயல்குடி: ஃபோர் வீல் வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

தார் ரோட்டில் பார்க்காதீர்கள். ஃபோர் வீல் லிவர் போட்டுத் திருப்பினால் இறுக்கிக்கொண்டு இழுக்கும், கியர் பாக்ஸுக்குக் கேடு. மணலுக்குக் கொண்டுபோய் லிவர் போட்டு மெதுவாக நகர்த்துங்கள். வெளியே ஒரு ஆள் நின்று முன் சக்கரம் மணலைக் கிளறுகிறதா என்று பார்க்கட்டும். மாருதி ஜிப்ஸி என்றால் முன் சக்கர நடுவில் திருகும் ஹப் இருக்கிறதா பாருங்கள். அது 'ஃப்ரீ'யில் இருந்தால் லிவர் போட்டும் பயன் இல்லை. நாலு டயரும் ஒரே அளவா? சரி, அதையும் பாருங்கள். 'ஃபோர் பை ஃபோர்' ஸ்டிக்கரை நம்பாதீர்கள். முன்னால் டிஃபரன்ஷியல் உருண்டை இல்லையென்றால் அது வெறும் ஸ்டிக்கர்தான்.

தேவிபட்டினம்: எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியது பரவாயில்லையா?

முதல் பதிலைப் படியுங்கள்.

ஏர்வாடி: தேனிப் பக்கத்து வண்டி வாங்கலாமா?

தாராளமாக. மலை ஏறிய வண்டியில் கிளட்ச்சும் பிரேக்கும் தேய்ந்திருக்கும், மாற்றிக்கொள்ளலாம். துரு நம் ஊர் வண்டியை விடக் குறைவு.

மண்டபம்: லோன் பாக்கி, கேஸ் விவரம்?

ஆர்.டி.ஓ. ஆபீசில் கேளுங்கள். ஆர்.சி.யில் ஹைப்போதிகேஷன், அதாவது வண்டி மேல் கடன் என்ற பதிவு இருந்தால், ஆட்சேபணை இல்லை என்னும் பேங்க் என்.ஓ.சி. இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

முதுகுளத்தூர்: ஒரு லட்சம் கிலோமீட்டர்...

அடியில் படுத்துப் பாருங்கள்!

தொண்டி: நாளைக் காலை பார்க்கப் போகிறேன் அண்ணே. விற்கிறவர் பத்து மணிக்கு வரச் சொன்னார்.

ஏழு மணிக்கே போங்கள். போனதும் பானெட்டைத் திறந்து எஞ்சின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த எஞ்சின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்பதை உங்களுக்குக் காட்ட அவருக்கு இஷ்டமில்லை. அப்புறம் ஒரு பழைய கைலி எடுத்துக்கொள்ளுங்கள், கீழே விரிக்க.