மெழுகுதிரி ஏன் அணைந்தது? கேள்வி பதில்

அப்பச்சோடாவையும் வினாகிரியையும் கலந்து பெற்ற காபனீரொட்சைட்டை, வெவ்வேறு உயரமுள்ள இரண்டு மெழுகுதிரிகள் எரியும் கண்ணாடிப் பாத்திரத்துக்குள் ஊற்றும் வகுப்பறைப் பரிசோதனை பற்றி வந்த கேள்விகளுக்கு, இரசாயனவியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

கொக்குவில், தரம் 10 மாணவி: சேர், வாயுவைத் தண்ணீர்போல எப்படி ஊற்ற முடிகிறது?

பிள்ளை, வளியின் சராசரி மூலக்கூற்றுத் திணிவு ஏறத்தாழ 29, காபனீரொட்சைட்டினுடையது 44. ஒரே வெப்பநிலையிலும் அமுக்கத்திலும் சம கனவளவு வாயுக்களில் சம எண்ணிக்கையான மூலக்கூறுகள் இருப்பதால், இவ்வாயு வளியைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அடர்த்தியானது. ஆகவே முகவையின் விளிம்பால் வழிந்து, அடியில் தேங்கி, கட்டை மெழுகுதிரியை முதலில் மூடுகிறது. அருகிலிருந்து கவனியுங்கள்: சுடர் சாய்ந்து, திரியை விட்டுச் சற்று மேலெழும்பிய பின்னரே அணையும்.

மானிப்பாய்: எங்கள் குழுவுக்கு அணையவில்லை.

5 கிராம் அப்பச்சோடாவுக்கு, 5 வீத அமிலமுள்ள வினாகிரி 75 மில்லிலீற்றர் போதும். கணக்கின்படி ஏறத்தாழ 1.4 லீற்றர் வாயு கிடைக்க வேண்டும். நுரை அடங்கிய பின், திரவம் சிந்தாமல் மெதுவாகச் சாயுங்கள்.

சாவகச்சேரி ஆசிரியை: அதே மெழுகுதிரிகளைப் போத்தலால் மூடினால் உயரமானதுதான் முதலில் அணைகிறது. இது முரண் அல்லவா?

மிக நல்ல கேள்வி. ஊற்றிய வாயு குளிர்ந்தது. சுடரிலிருந்து வருவதோ சூடானது. வெப்பத்தால் விரிந்த தகன வாயுக்கள் சுற்றியுள்ள வளியைவிட அடர்த்தி குறைந்தவையாதலால், போத்தலின் மேற்பகுதியில் சேர்ந்து கீழ்நோக்கி நிறைகின்றன. அடர்த்தியைத் தீர்மானிப்பது மூலக்கூற்றுத் திணிவு மட்டுமன்று, வெப்பநிலையுந்தான் என்பதை மாணவருக்குக் காட்ட இதைவிடச் சிறந்த சோடிப் பரிசோதனை எனக்குத் தெரியாது.

உரும்பிராய்: தட்டில் நீரூற்றி, எரியும் மெழுகுதிரியைக் குவளையால் மூடினால் நீர் ஏறுவது, ஐந்திலொரு பங்கு ஒட்சிசன் தீர்ந்துபோவதால்தானே?

இல்லை. ஒட்சிசன் 16 வீதமளவுக்குக் குறைந்ததுமே சுடர் அணைந்துவிடும். செலவானதில் பெரும்பங்கின் இடத்தைக் காபனீரொட்சைட்டு பிடித்துக்கொள்ளும். சூடேறி விரிந்த வளி, சுடர் அணைந்தபின் குளிர்ந்து சுருங்குவதே நீர் ஏறுவதற்கு முதற் காரணம்.

அதே வாசகர்: நாங்கள் காலங்காலமாக அப்படித்தான் படித்தோம். நீரும் ஐந்திலொரு பங்குதானே ஏறுகிறது?

நானும் அப்படிப் படித்தவன்தான், தொடக்கத்தில் சில ஆண்டுகள் அப்படியே கற்பித்தும்விட்டேன். அதனாலேயே இதை வலியுறுத்துகிறேன். ஒரு மெழுகுதிரியை வைத்துச் செய்தபின், அதே குவளையால் மூன்றை மூடிப் பாருங்கள். குவளைக்குள் இருந்த ஒட்சிசன் மாறவில்லை. நீரோ முன்னிலும் உயரமாக ஏறும். மூடும்போது விளிம்பால் குமிழிகள் வெளியேறுவதையும், சுடர் அணைந்த பின்னரே நீர் விரைந்து ஏறுவதையும் உங்கள் விளக்கத்தால் சொல்ல முடியாது.

சுன்னாகம்: எங்களுக்கும் அணையவில்லை.

அளவுகளை மானிப்பாய்க்கான பதிலில் பாருங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள்.

பருத்தித்துறை: பெற்றோல் ஆவியையும் இப்படி ஊற்றிக் காட்டலாமா?

கூடாது. அதுவும் வளியைவிடப் பாரமானது, ஆனால் தீப்பற்றும்.

புத்தூர்: கிணறு துப்புரவாக்க இறங்குமுன் விளக்கை இறக்கிப் பார்ப்போம். இதே தத்துவந்தானே?

தத்துவம் அதுவே, ஆனால் அதை நம்பி இறங்காதீர்கள். விளக்கு அணைந்தால் ஆபத்து நிச்சயம். அணையாவிட்டால் பாதுகாப்பு நிச்சயமில்லை. கிணற்றுக்குள் இறக்கிய நீரிறைக்கும் இயந்திரம் கக்கும் காபனோரொட்சைட்டின் மூலக்கூற்றுத் திணிவு 28, கிட்டத்தட்ட வளியினுடையதே. அது வளியோடு கலந்து நிற்கும், நிறமோ மணமோ இல்லை, ஆளைக் கொல்லும் அளவிலும் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். இயந்திரத்தை வெளியே, கிணற்றை விட்டுத் தள்ளி வையுங்கள். உள்ளே ஒருவர் மயங்கினால், அவரைத் தூக்க இன்னொருவர் இறங்க வேண்டாம். முதலில் இறங்குபவரின் உடலிலேயே கயிற்றைக் கட்டி, மறுமுனையை மேலே நிற்பவர்கள் பிடித்திருக்க வேண்டும்.

இணுவில்: சேர், அணையவில்லை.

மின்விசிறி, தம்பி.